ஆராய்ச்சி நிர்வாகிக்கு எப்படி மரியாதை செய்வது? சதீஷ் தவானை முன்வைத்து

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து சதீஷ் தவான் 1981-இல் ஓய்வுபெற்றார். 1962-இல் பொறுப்பேற்கும்போது அவருக்கு வயது 42. ஏறக்குறைய 19 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். பழைய பெங்களூர்க்காரர்கள் இன்றும் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று சொல்லும் அந்தக் கழகத்தில் அவ்வளவு காலம் இயக்குநராக இருந்தவர் வேறு யாரும் கிடையாது.

இப்படிப்பட்ட ஒருவருக்குப் பணிநிறைவு விழா எடுத்தால் மேடையில் எதைச் சொல்லிப் பாராட்டுவது? வாழ்நாள் முழுக்க ஆய்வகத்திலேயே இருந்தவர் என்றால் வேலை சுலபம். என்ன கண்டுபிடித்தார், எத்தனை மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்கினார்கள், எந்த விருது கிடைத்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். ஆராய்ச்சியை நிர்வகித்தவரின் கதை அப்படி இல்லை. அவர் செய்த நல்ல வேலை பெரும்பாலும் இன்னொருவரின் கட்டுரையில், இன்னொருவரின் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் இத்தகைய விழாக்களில் பேச்சு "எளிமையானவர், கறாரானவர், நேரம் தவறாதவர்" என்று குணநலன்களுக்குள் நின்றுவிடுகிறது. அது குறைவான மரியாதை என்பது என் கருத்து. அவர் எடுத்த முடிவுகள் என்ன, அவற்றால் என்ன நடந்தது என்று ஆராய்ந்து சொல்வதுதான் ஒரு விஞ்ஞானிக்குத் தகுந்த பாராட்டு.

தவானின் அறிவியலை முதலில் பார்த்துவிடலாம். ஸ்ரீநகரில் 1920-இல் பிறந்தவர். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கினார், அப்புறம் இயந்திரப் பொறியியலும் முடித்தார். அமெரிக்கா போய் மின்னசோட்டாவில் முதுகலையும், கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மனிடம் 1951-இல் முனைவர் பட்டமும் பெற்றார். ஆய்வுப் பொருள், ஒரு பரப்பின் மேல் காற்று ஓடும்போது அந்தப் பரப்பை அது எவ்வளவு இழுக்கிறது என்பது. விமானத்தின் எரிபொருள் கணக்கு வரை இந்த உராய்வு விசை தேவைப்படுகிறது. ஆனால் அது மிகச் சிறிய விசை. அதற்கு முன் பலரும் காற்றின் வேகத்தைப் பல உயரங்களில் அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் அதைச் சொன்னார்கள். தவான் அதை நேரடியாகவே அளக்க முனைந்தார். தட்டையான பலகையில் ஒரு சிறு துண்டை மட்டும் மீதிப் பலகையைத் தொடாமல் தனியாக மிதக்கவிட்டார். காற்று ஓடும்போது அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். அந்த நகர்வை மின்கருவியால் அளந்து விசையைக் கண்டார். துண்டுக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடினாலும் காற்று அங்கே நுழைந்து அளவைக் கெடுத்துவிடும். துண்டு மட்டத்துக்கு மேலே இம்மியளவு எழுந்து நின்றாலும் கெடுத்துவிடும். பொறுமையும் கைத்திறனும் இல்லாதவர் இந்தச் சோதனையில் இறங்கவே முடியாது. ஒலியைவிட வேகமான காற்றோட்டத்திலும் அவர் அதைச் செய்து காட்டினார்.

1951-இல் பெங்களூர் வந்து சேர்ந்தார். விமானப் பொறியியல் துறையில் சிறிய அளவில் ஒலிமிஞ்சிய காற்றுச் சுரங்கத்தை, அதாவது ஒலியைவிட வேகமாகக் காற்றைச் செலுத்திச் சோதனை செய்யும் கூடத்தை, கட்டினார். 1955-இல் துறைத் தலைவரானார். அவரிடம் வந்த இளைஞர்களில் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. சீராக ஓடும் காற்று எந்த இடத்தில், எப்படிக் கொந்தளிப்பாக மாறுகிறது என்பது குறித்து இருவரும் சேர்ந்து 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீரோட்டம் ஒரே அடியில் கொந்தளிப்பாக மாறிவிடுவதில்லை. நடுவில் ஒரு பகுதியில் கொந்தளிப்பு திட்டுத்திட்டாக வந்து போகும். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் கொந்தளிப்பு, எவ்வளவு நேரம் சீரோட்டம் என்ற விகிதம் எல்லாப் பரிசோதனைகளிலும் ஒரே வளைகோட்டில் வந்து விழுகிறது என்று அந்தக் கட்டுரை காட்டியது. டர்பைன் இறக்கைகளை வடிவமைக்கிறவர்கள் அந்தச் சூத்திரத்தை இன்றும் எடுத்தாளுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் 1962 வருகிறது. ஆய்வு நன்றாகச் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் அந்த மனிதரை நிர்வாகத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் வந்த ஆய்வுக் கட்டுரைகள் குறைவு. தவான் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பு என்று இதைச் சொல்ல முடியாது. துறைத் தலைவர், டீன், ஆராய்ச்சி இயக்குநர், துணைவேந்தர் என்று போகிற எல்லா விஞ்ஞானிகளும் கொடுக்கும் விலை இது. பாராட்டு விழாவில் இந்த இழப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எதை விட்டுவிட்டு வந்தார் என்று தெரிந்தால்தான், வந்த இடத்தில் செய்ததன் மதிப்பும் தெரியும்.

சரி, வந்த இடத்தில் என்ன செய்தார்?

அதற்குப் பதில் சொல்லும் முன் அதே நாற்காலியில் இருந்த இன்னொருவரை நினைவில் கொள்ள வேண்டும். சி.வி. ராமன் 1933-இல் அந்தக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த இயற்பியலாளர் மாக்ஸ் பார்னை 1935-இல் பெங்களூருக்கு வரவழைத்தார். அவரை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ள விரும்பினார். கழகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. பார்ன் எடின்பரோ போய்விட்டார், பின்னால் 1954-இல் நோபல் பரிசும் பெற்றார். ராமன் 1937-இல் இயக்குநர் பொறுப்பை விட்டு விலகி, வெறும் பேராசிரியராகத் தொடர வேண்டியதாயிற்று. யாரை எடுப்பது என்று ராமனுக்குத் தெரிந்திருந்தது. அவரை நிறுவனத்தில் நிலைநிறுத்துவதற்கு வேறு ஒரு திறமை வேண்டியிருந்தது. ஆராய்ச்சி நிர்வாகம் என்பது தனி வேலை. பெரிய விஞ்ஞானியாக இருந்தாலே அது தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தவான் காலத்தில் அந்தக் கழகம் யாரையெல்லாம் ஈர்த்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் ஒரு கதை சென்னையிலிருந்து தொடங்குகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். இயற்பியலுக்கு ஒரு பேராசிரியரைத் தேடியபோது அவர் முதலில் அணுகியது ராமனை. ராமன் தனக்குப் பதிலாகத் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அந்த இளைஞரை முதலியார் 1952-இல் துறைத் தலைவராக்கினார். கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர் ஆய்வகம் உருவானது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வால் தசைநார் வாங்கி வந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கிய வடிவத்தை முன்வைத்தார்கள். 1954-55-இல் வந்த கட்டுரைகள் அவை. 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட புரத வடிவ வரைபடம் இன்று உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே பாடநூல்களில் இருக்கிறது.

முதலியார் 1969-இல் பதவியிலிருந்து விலகினார். அதற்கடுத்த இரண்டே ஆண்டுகளில் ராமச்சந்திரன் சென்னையில் இல்லை. தவான் அழைத்தார், ராமச்சந்திரன் பெங்களூர் போய் 1971-இல் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் போனார். அந்தப் பிரிவில் 1973-இல் சேர்ந்த பி. பலராம் பிற்காலத்தில் கழகத்தின் இயக்குநரும் ஆனார்.

ஒரு நிர்வாகி ஓய்வுபெறுவது எவ்வளவு பெரிய நிகழ்வு என்பது இதில் தெரிகிறது. முதலியார் ஒரு படிகத்துக்குக்கூட எக்ஸ் கதிர்ப் படம் எடுத்ததில்லை. ஆனாலும் அவர் இருந்தவரை ராமச்சந்திரனுக்குக் கிண்டியில் இடம் இருந்தது. அவர் போனதும் சென்னை இழந்ததைப் பெங்களூர் பெற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தவான் சேர்த்த மற்றவர்களையும் கொஞ்சம் பார்க்கலாம். சி.என்.ஆர். ராவ் 1976-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து திண்மநிலை வேதியியலுக்குத் தனிப் பிரிவு அமைத்தார். மாதவ் காட்கில் ஹார்வர்டில் சூழலியல் படித்துவிட்டு வந்தவர். சுலோசனா காட்கில் பருவமழையை ஆராய்ந்தவர். கழகத்தில் அப்போது சூழலியலுக்கும் தனித் துறை இல்லை, வானிலை அறிவியலுக்கும் இல்லை. ஜார்ஜ் சுதர்சன் கோட்பாட்டு இயற்பியலுக்காகத் தொடங்கிய கோட்பாட்டு ஆய்வு மையத்தில் 1973-இல் இருவருக்கும் இடம் கிடைத்தது. துறை இல்லை என்பதற்காக ஆளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆள் முதலில் வந்தார், துறை பின்னால் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் வளிமண்டல அறிவியலுக்கும் சூழலியலுக்கும் தனித்தனி மையங்கள் உருவாயின.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அமுல்யா ரெட்டியின் கதை. அவர் மின்வேதியியல் விஞ்ஞானி, அந்தத் துறையில் பேர் பெற்றவர். அவர் 1974-இல் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை ஆராய 'அஸ்த்ரா' என்ற அமைப்பைக் கழகத்துக்குள்ளேயே தொடங்கினார். தும்கூர் மாவட்டத்து உங்ரா கிராமத்தில் சாண எரிவாயு, புகை குறைந்த விறகடுப்பு, மண் கட்டடம் என்று வேலை நடந்தது. உயர்ந்த அறிவியலுக்கான இடத்தில் அடுப்பு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இயக்குநர் பின்னால் நிற்காவிட்டால் அந்தக் கேள்வியே அந்த வேலையை முடித்துவிட்டிருக்கும். ஒரு கிராமத்து அடுப்பில் எவ்வளவு விறகு எரிகிறது, அதில் எவ்வளவு வெப்பம் பாத்திரத்துக்குப் போகிறது என்று அளப்பதும், பலகைத் துண்டின் மேல் காற்றின் இழுவிசையை அளப்பதும் தவானுக்கு ஒரே ஒழுக்கத்தின் இரண்டு பக்கங்களாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ஒரு நிறுவனத்தில் 19 ஆண்டுகளில் நடந்த நல்லதையெல்லாம் இயக்குநர் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. ராமச்சந்திரன் பெங்களூர் போகும் முன்பே ராமச்சந்திரன்தான். ராவ் எங்கே இருந்திருந்தாலும் பெரிய வேதியியலாளராகவே இருந்திருப்பார். நாட்டில் அறிவியலுக்குப் பணம் பெருகிக்கொண்டிருந்த காலமும் அது. 1958-இல் கழகத்துக்குப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்திருந்ததும் தவானுக்கு முந்தைய நிகழ்வு. இயக்குநரின் பங்கு என்பது சரியான ஆளை அடையாளம் காண்பது, வாய்ப்பைத் திறந்துவைப்பது, வந்தவரைச் சில்லறைத் தொல்லைகளிலிருந்து காப்பது. அவ்வளவுதான். அவ்வளவே மிகப் பெரிய வேலை. பாராட்டுரை எழுதுகிறவர் இந்த எல்லையை மதித்தால் பாராட்டுக்குக் கூடுதல் கனம் வரும்.

இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இந்தியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பதவிக்கு வந்தபின் ஒருவரின் கட்டுரை எண்ணிக்கை திடீரென்று கூடும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கருவி வரும், ஆகவே கட்டுரையில் அவர் பெயரும் வரும். ஓய்வுபெறும் நாளில் "நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் இத்தனை கட்டுரைகள்" என்று அதையே சாதனையாகப் படிப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. பதவியில் இருந்த ஆண்டுகளில் ஒருவரின் சொந்தக் கட்டுரைகள் குறைந்து, அவரைச் சுற்றியிருந்தவர்களின் கட்டுரைகள் கூடியிருந்தால், அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சில்லறைத் தொல்லைகள் என்றேன். அவை என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு உதவிப் பேராசிரியைக்கு மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். பணம் மொத்தமாக வராது. கருவி, வேதிப்பொருள், பயணம், ஆய்வு உதவியாளர் சம்பளம், இதரச் செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு என்று தலைப்பு தலைப்பாகப் பிரிந்து தவணையில் வரும். ஒரு தலைப்பில் மிச்சம் இருக்கிறது என்று இன்னொன்றுக்கு எடுத்துவிட முடியாது. அனுமதி வாங்க வேண்டும். கருவி வாங்க டெண்டர் விட வேண்டும், வந்த கொட்டேஷன்களை ஒப்பிட்டு அட்டவணை போட வேண்டும், கொள்முதல் குழு கூட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றால் சுங்க வரிச் சலுகைக்குத் தனிச் சான்றிதழ். இதற்குள் மார்ச் 31 வந்துவிடும். செலவழிக்காத பணத்துக்குக் கணக்கும் வட்டியும் காட்ட வேண்டும். 'யூ.சி.' என்று எல்லோரும் சொல்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. தவணை வராவிட்டால் அந்தத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளராக வேலை செய்யும் மாணவிக்கு உதவித்தொகை நிற்கும். வாடகை கொடுக்க முடியாமல் அவள் ஊருக்குக் கிளம்பினால் ஆய்வு அங்கேயே நின்றுபோகும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆராய்ச்சி நிர்வாகி. அவரே விஞ்ஞானியாகவும் இருந்தால் ஒரு பெரிய வசதி உண்டு. குறைந்த விலை கேட்டவரிடமே வாங்கச் சொல்லித் தணிக்கைக்காரர் கேள்வி எழுப்பும்போது, அந்தக் கருவியின் வெற்றிட அளவு இந்த வேலைக்கு ஏன் போதாது என்று அவரால் ஃபைலில் மூன்று வரி எழுத முடியும். அந்த மூன்று வரியில் ஒரு ஆய்வகத்தின் அடுத்த பத்து ஆண்டுகள் அடங்கியிருக்கலாம். அந்த வரிகள் எந்த விருதுக் குழுவின் கண்ணிலும் படாது.

தவானின் வாழ்க்கையில் பொதுமக்களுக்குத் தெரிந்த பகுதி இஸ்ரோ. விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30-இல் இறந்தபோது தவான் விடுப்பில் கால்டெக்கில் இருந்தார், மறுபடியும் ஆய்வும் பாடமுமாக. விண்வெளித் திட்டத்தை ஏற்கும்படி இந்திரா காந்தியிடமிருந்து அழைப்பு வந்தது. கால்டெக்கில் ஒப்புக்கொண்டதை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர்வேன், விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளும் வைத்தார். அதுவரை இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைக் கவனித்துக்கொண்டார். 1972 செப்டம்பரில் தவான் தலைவரானார். இஸ்ரோ தலைமையகம் இன்று பெங்களூரில் இருப்பதற்கு ஒரு பேராசிரியர் தன் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக மறுத்தது ஒரு காரணம். 1984 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

எஸ்.எல்.வி.-3 கதையை அப்துல் கலாம் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார், தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ராக்கெட் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் தவான் போய் உட்கார்ந்து தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்தபோது, திட்ட இயக்குநரான கலாமைப் பேசச் சொல்லி அனுப்பினார். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் படிப்பது போதாது. புதிய தொழில்நுட்பத்தை உருவாக்கும் குழுவில், தோல்விக்குத் தனக்குத் தண்டனை விழும் என்ற பயம் வந்தால் பொறியாளர்கள் குறையை மறைக்கத் தொடங்குவார்கள். மறைத்த குறை அடுத்த ராக்கெட்டில் வெடிக்கும். தலைவர் பழியை ஏற்றால்தான் கோளாறு எங்கே என்று உள்ளே வெளிப்படையாகப் பேச முடியும். சரியாக 11 மாதம் 8 நாளில் அடுத்த ராக்கெட் வெற்றி பெற்றது.

இனி, மரியாதை செய்கிற வடிவங்களுக்கு வருகிறேன். பொன்னாடையும் நினைவுப் பரிசும் அன்றைக்கான மகிழ்ச்சி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறக்கட்டளைச் சொற்பொழிவு நம் பல்கலைக்கழகங்களுக்குப் பழக்கமான வடிவம். ஒரு தொகையை வைப்பில் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஒருவரை அழைத்துப் பேசவைப்பார்கள். வைப்புத் தொகை அப்படியே இருக்க, ரயில் கட்டணமும் விடுதி வாடகையும் ஏறிக்கொண்டே போவதால், கொஞ்ச காலத்தில் வெளியூர்ப் பேச்சாளரை அழைக்க வட்டி போதாது. வட்டியில் ஒரு பங்கை அசலிலேயே சேர்த்துவரும்படி தொடக்கத்திலேயே விதி எழுதிவிட்டால் இந்த வடிவம் நிலைக்கும்.

பெயர் சூட்டுவது இன்னொன்று. தவான் 2002 ஜனவரி 3-இல் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு உருவாக்கிய சிறு செயற்கைக்கோளும் அவர் பெயருடன் அங்கிருந்தே மேலே போனது. இவை நல்ல மரியாதைகள். ஆனால் இவை இஸ்ரோ தவானைத்தான் கொண்டாடுகின்றன. பல்கலைக்கழக ஆராய்ச்சியை 19 ஆண்டுகள் நடத்திய தவான் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

அவருக்குச் செய்ததிலேயே எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது 1988-இல் இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்ட தொகுப்பு நூல். பாய்ம இயக்கவியலும் (காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராயும் அறிவியல்) விண்வெளித் தொழில்நுட்பமும் அதன் பொருள். தொகுத்தவர்கள் இருவர்: ரொத்தம் நரசிம்மா, அப்துல் கலாம். ஒருவர், தவான் தன் கையால் சோதனை செய்த நாட்களில் உருவான மாணவர். இன்னொருவர், தவான் நிர்வாகியாக இருந்து தோள்கொடுத்த பொறியாளர். விஞ்ஞானி, நிர்வாகி இரண்டுக்கும் ஒவ்வொரு சாட்சி. அவர்கள் புகழுரை எழுதிக் கொடுக்காமல் ஆய்வுகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். தமிழில் நமக்கு மணிவிழா மலர் என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பழைய மலர்களில் நல்ல ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும், இன்றும் அவற்றைத் தேடிப் படிக்கிறோம். பின்னால் வந்த பல மலர்களில் வாழ்த்துச் செய்திகளும் புகைப்படங்களும் பக்கத்தை அடைத்துக்கொண்டன. ஒரு ஆராய்ச்சி இயக்குநருக்கு மலர் போடுகிறவர்கள் அந்தப் பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம். அவர் ஆதரவில் வளர்ந்த ஆய்வகங்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை கொடுத்தாலே நூல் நிறைந்துவிடும்.

இன்னொரு மரியாதையும் உண்டு, அது செலவே இல்லாதது. பதவிக்காக விட்டுவந்த அறிவியலை அவருக்குத் திருப்பிக் கொடுப்பது. ஒரு மேசை, நூலக அட்டை, பேசிப் பார்க்க இரண்டு மாணவர்கள் இருந்தால் போதும். ஓய்வுபெற்றவரை ஒன்றன்பின் ஒன்றாகக் குழுக்களுக்குத் தலைவராக்குவது அவர் நேரத்தை மறுபடியும் பறிப்பது. தவானுக்கும் குழுக்கள் இருந்தன. விண்வெளி ஆணையத்தில் ஓய்வுக்குப் பின்னும் பங்கேற்றார். ஆனாலும் அவர் பறவைகளுக்கு நேரம் கண்டுபிடித்தார். ஸ்ரீஹரிகோட்டா தீவின் ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பழவேற்காடு ஏரி. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வந்திறங்கும் ஏரி அது. ராக்கெட் வேலையாகப் போன இடத்தில் பறவைகளைப் பார்த்தவர், அவை எப்படிப் பறக்கின்றன என்பதைப் பாய்ம இயக்கவியல் தெரிந்தவரின் கண்ணோடு விளக்கி ஒரு நூல் எழுதினார். 1991-இல் அகாதமி அதை வெளியிட்டது. இறக்கையின் மேல் ஓடும் காற்று என்ற தன் பழைய கேள்விக்கே எழுபது வயதில் அவர் திரும்பி வந்திருந்தார்.

கடைசியாக ஒன்று, அவசரமாகச் செய்ய வேண்டியது. ஆய்வாளரின் வேலை கட்டுரையாக நூலகத்தில் தங்கிவிடும். நிர்வாகியின் வேலை ஃபைலில், நோட் ஷீட்டின் ஓரத்தில், கையெழுத்துக்கு மேலே எழுதிய மூன்று வரியில்தான் இருக்கிறது. அலுவலகங்களில் ஃபைல்களுக்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிந்தால் அழித்துவிடுவார்கள். ஒரு துறையை ஏன் தொடங்கினோம், இன்னாரை ஏன் எடுத்தோம், எந்தத் திட்டத்துக்கு ஏன் மறுப்புச் சொன்னோம் என்பதெல்லாம் அதோடு போய்விடும். இந்திய அறிவியல் கழகம் தனக்கென ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. பெங்களூரிலேயே என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆராய்ச்சி நிறுவனம் 2019-இல் சமகால அறிவியல் வரலாற்றுக்கான காப்பகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. விஞ்ஞானிகளின் கடிதங்களும் குறிப்பேடுகளும் குரல் பதிவுகளும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்து ஓய்வுபெறுகிற ஒவ்வொருவரையும், விழாவுக்கு முந்தைய மாதத்தில், அவரோடு வேலை செய்த ஒருவர் உட்காரவைத்து விரிவாகப் பேட்டி எடுத்துப் பதிவுசெய்யலாம். முக்கியமான கோப்புகளின் நகல்களை நூலகத்தில் ஒப்படைக்கலாம். தனிநபர்களைப் பற்றிய மதிப்பீடுகள் உள்ள பக்கங்களைச் சில ஆண்டுகள் பூட்டிவைத்து அப்புறம் திறக்கலாம். முதலியார் காலத்துக் கிண்டியில் ஒரு இளம் பேராசிரியருக்கு எக்ஸ் கதிர் ஆய்வகம் அமைக்க எப்படி ஒப்புதல் கிடைத்தது, யார் தடுத்தார்கள், யார் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு பேட்டி பதிவாகியிருந்தால், இன்றைக்கு ஆய்வகம் அமைக்கப் போராடும் உதவிப் பேராசிரியைக்கு அதைவிட உதவியான பாடம் கிடைக்காது.